சலாது இலைச் சுருளுக்கு மயோனைஸ் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மத்தியதரைக்கடல் நாட்டு முறையில் சலாது (லெட்டூஸ்) இலைக்குள் மரக்கறி வைத்துச் சுருட்டிச் சாப்பிடுவது இப்போது யாழ்ப்பாணத்து வீடுகளிலும் பரவி வருகிறது. வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டுக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் கைமாறி வரும் செய்முறைகள் பலவற்றில் அளவும் இல்லை, இலை கழுவும் விதமும் இல்லை. கடைசியில் மயோனைஸை அள்ளி ஊற்றச் சொல்கிறார்கள். அந்த நாட்டுச் சமையலின் அடித்தளம் கொண்டைக்கடலை, எள்ளு, ஒலிவ் எண்ணெய், எலுமிச்சை, புதினா. எலுமிச்சைக்குப் பதில் எங்கள் தேசிக்காய் தாராளமாகப் போதும்.

நாலு பேருக்கு 200 கிராம் வெள்ளைக் கடலை எடுங்கள். கால் தேக்கரண்டி அப்பச்சோடா போட்டு இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீரில் அவியுங்கள். விரலால் நசித்தால் மாவாக வேண்டும். அவியும்போதே தேசிப்புளி விட்டால் கடலை இளகாது. இறக்கிய பிறகே விடவேண்டும்.

மயோனைஸின் இடத்தில் வரவேண்டியது எள்ளு விழுதுதான். 100 கிராம் வெள்ளை எள்ளை இளஞ்சூட்டில் மணம் வரும்வரை மட்டும் வறுங்கள். சிவந்தால் கைக்கும், தோல் நீக்காத கறுப்பு எள்ளும் அப்படித்தான். ஆறியதும் 3 மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெயுடன் நன்றாக அரையுங்கள். நல்லெண்ணெயும் பாவிக்கலாம், மணம் சற்றுத் தூக்கலாக இருக்கும். ஒரு பல்லு உள்ளி, 2 மேசைக்கரண்டி தேசிப்புளி, அரைத் தேக்கரண்டி உப்புச் சேர்த்ததும் விழுது களிமண்போல இறுகிவிடும். பழுதாகிவிட்டதென்று பலர் இந்த இடத்தில் எண்ணெய் விடுகிறார்கள். அது பிழை. சிறிதளவு ஈரம் எள்ளுத் துணிக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். போதிய தண்ணீர் சேர்ந்தால்தான் இளகும். குளிர்ந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடியுங்கள். நிறம் வெளிறி, கட்டித் தயிர்ப் பதத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள்.

சுருள் சொதசொதப்பதற்குக் காரணம் வெள்ளரிக்காயும் தக்காளியும் விடும் தண்ணீர். இரண்டிலும் விதைப் பகுதியை வழித்தெடுத்துவிட்டுச் சிறிதாக வெட்டி, அரைத் தேக்கரண்டி உப்புப் பிரட்டி 20 நிமிடம் வடிதட்டில் வைத்துப் பிழியுங்கள். பிறகு கடலை, அரிந்த சின்ன வெங்காயம், ஒரு பிடி புதினாவுடன் கலக்கலாம். மேலும் உப்புத் தேவைப்படாது.

இலையைப் பச்சையாகத் தின்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் உள்ளவை. மலசலகூடக் குழியின் கசிவு நிலத்தடி நீரில் இலகுவாகக் கலக்கும். இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் மண் போகக் கழுவி, கடைசியாகக் கொதித்தாறிய நீரில் அலசுங்கள். பிறகு சுத்தமான துணியில் ஈரம் ஒற்றியெடுக்க வேண்டும். ஈர இலையில் விழுது ஒட்டாது, வழுக்கி வெளியே வரும். நுவரெலியாவிலிருந்து வரும் இலை வாடியிருந்தால், கொதித்தாறிய நீரைக் குளிரவைத்து அதில் 10 நிமிடம் அமிழ்த்தினால் நிமிரும். மெல்லிய இலையென்றால் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். சலாது கிடைக்காத நாட்களில் கோவா இலையைக் கொதிநீரில் அரை நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் முறியாமல் சுருளும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவதானால் இலையையும் கலவையையும் வேறுவேறு பெட்டியில் வையுங்கள்.

உங்கள் சமையல் பகுதியில் இத்தகைய பச்சை உணவுகளை வெளியிடும்போது அளவுகளையும் இலை கழுவும் முறையையும் தவறாமல் சேர்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

மனைப்பொருளியல் ஆசிரியை,
யாழ்ப்பாணம்.