லிங்க் வைத்த டார் ஃபைல்கள்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள மாலதி,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் நிம்மதி வந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மஞ்சள் தடம் வந்ததிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு மெட்ரோவிலேயே போய்விடுகிறேன். மெஜஸ்டிக்கிலும் ஆர்.வி. ரோட்டிலும் மாறவேண்டும், இருந்தாலும் சில்க் போர்டு நெரிசல் இல்லையே!

உன் மாணவர்கள் எழுதிய, டார் (பல ஃபைல்களை ஒன்றாக அடைத்த ஃபைல்) பிரிக்கும் புரோகிராமைச் சோதிக்க எங்கிருந்தாவது வில்லங்கமான ஃபைல்களை இறக்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டி. அந்த ஃபைல்களை ஷெல் ஸ்கிரிப்டிலேயே, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்தே, செய்யச் சொல். உள்ளே என்ன இருக்கிறது என்பது வரிக்கு வரி கண்ணுக்குத் தெரியும்.

டிஸ்கில் ஒரே பெயர் ஒரே நேரத்தில் சிம்லிங்காகவும் (வேறொரு பாதையைக் காட்டும் லிங்க்) ஃபோல்டராகவும் இருக்க முடியாது. டாரில் முடியும். டேப்புக்காகப் பிறந்த வடிவம் அல்லவா, ஒவ்வொரு பதிவும் 512 பைட் தலைப்போடு ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், அவ்வளவுதான். அதனால் முதலில் எல்என் -எஸ் கட்டளை போட்டு, வெளி ஃபோல்டர் ஒன்றின் முழுப் பாதையைக் காட்டும் 'வாசல்' என்ற லிங்கைச் செய்து, டார் -சிஎஃப் கொண்டு அடை. பிறகு லிங்கை அழித்து, அதே பெயரில் நிஜ ஃபோல்டர் உண்டாக்கி, உள்ளே ஒரு ஃபைல் வைத்து, அந்த ஃபைலை மட்டும் -ஆர்எஃப் கொண்டு கடைசியில் சேர். சுருக்கிய ஃபைலில் -ஆர் வேலை செய்யாது. ஜிஸிப் போட்டுச் சுருக்குவதெல்லாம் பிறகுதான். அசட்டையாக எழுதிய புரோகிராம் இதைப் பிரித்தால் லிங்க் வழியாக வெளியே போய் எழுதிவிடும். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனூ டார் புரோகிராம் அப்படி ஏமாறாது. முழுப் பாதையோ, மேல் ஃபோல்டரைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியோ உள்ள லிங்க்குக்கு முதலில் வெற்று ஃபைல் ஒன்றை வைத்துவிட்டு, எல்லாம் பிரித்து முடித்த பிறகே நிஜ லிங்கைப் போடும். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு.

ஹார்ட் லிங்க்குக்கு வழி இன்னும் எளிது. ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர் வைத்து, இரண்டையும் அடைத்து, முதல் பெயரை --டெலீட் போட்டு உருவிவிடு. எஞ்சிய பதிவு இல்லாத ஒன்றைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றையொன்று காட்டும் இரண்டு சிம்லிங்க்கும் ஒரு சோதனைக்கு ஆகும். ஸிப் என்றால் -ஒய் கொடுக்க மறக்காதே. இல்லாவிட்டால் லிங்க் போய் அது காட்டும் ஃபைலே உள்ளே ஏறிவிடும்.

வெளி ஃபோல்டரும் எம்கேடெம்ப் -டி தரும் தற்காலிக இடத்துக்குள்ளேயே இருக்கட்டும், யார் கம்ப்யூட்டரும் கெடாது. பிரித்த பிறகு அந்த வெளி ஃபோல்டர் காலியாக இருந்தால் பாஸ்.

இது வெறும் பாடப்புத்தக ஆபத்து இல்லை. டார் பிரிக்கும்போது ஃபைல் வெளியே தப்பும் ஓட்டை பைத்தான் மொழியில் 2007லேயே பதிவானது. அதைத் தடுக்கும் பாதுகாப்பு வடிகட்டி தானாகவே இயங்குவது 2025இல் வந்த 3.14 பதிப்பிலிருந்துதான். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஸ்கிரிப்டை எழுதி முடித்ததும் அனுப்பு, இங்கேயும் ஓட்டிப் பார்க்கிறேன். அம்மாவைச் சொட்டு மருந்து தவறாமல் விட்டுக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
கலா