அப்பாவின் பாஸ்போர்ட்டை வெட்டாதே

ஹட்டன், இலங்கை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோத்தகிரியில் குளிர் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே மழை விட்டபாடில்லை. மகளுக்குக் கண்டிக்கு மாற்றம் கிடைத்து, பேத்தியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். முன்னறை முழுக்க இப்போது என் கடதாசிகளும் பசைச் சட்டியும்தான். முழங்கால் வலி பழையபடியே இருக்கிறது, அதை விடு. நீ கேட்டதற்கு வருகிறேன்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த பாஸ்போர்ட், தோட்டத்துச் சம்பளத் துண்டு, ராமேஸ்வரம் கப்பல் டிக்கெட் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டிக் கொலாஜ் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். கட்டாயம் செய். ஆனால் புள்ள, அசலில் மட்டும் கத்தரி வைத்துவிடாதே. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையகத் தமிழர் நம்மைத் தலை எண்ணிப் பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். எண்ணியவர்கள் எழுதி வைத்தது எண்களைத்தான். அதில் உன் அப்பாவும் ஒருவர் என்று பெயர், படம், கையெழுத்தோடு சொல்வது அந்தப் பெட்டியில் இருப்பது மட்டுமே. காணி உறுதியோ வீட்டுப் பத்திரமோ இல்லாமல் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது? உன் பேரப்பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள். அப்போது அது முழுசாக இருக்க வேண்டும்.

அதனால் முதலில் கொப்பி எடு. வீட்டுப் பிரிண்டரில் எடுக்காதே, அந்த மை பசையின் ஈரம் பட்டதும் கலங்கிவிடும். கடையில் போட்டோக்கொப்பி மெஷினில் எடு. அதில் விழுவது சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தூள், தண்ணீருக்குக் கரையாது. இன்னொரு வேலையும் செய்யலாம். கையெழுத்து உள்ள பக்கத்தை இடவலம் மாற்றி எடுக்கச் சொல். அட்டையில் அக்ரிலிக் மீடியம் என்ற நிறமில்லாத பூச்சைப் பூசி, கொப்பியை முகம் குப்புற ஒட்டி, ஒரு இரவு காய விடு. மறுநாள் ஈர விரலால் முதுகைத் தேய்த்தால் கடதாசி திரிதிரியாக உருண்டு வரும், எழுத்து மட்டும் அட்டையில் நிற்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால் எழுத்தும் போய்விடும். உன் பழைய ஏரோகிராம்களை இப்படித்தான் செய்தேன். நீல மடிப்புகளோடு அசல்கள் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன. ‘இங்கே எங்களைச் சிலோன்காரர்கள் என்கிறார்கள்’ என்று நீ எழுதிய வரி மட்டும் இப்போது என் சுவரில் ஒரு படத்தின் நடுவில் இருக்கிறது.

அந்த வரிக்குப் பின்னால் வைத்தது என் கையால் செய்த பசைக் கடதாசி. எனக்கு ஆசையே அதில்தான். ஒரு கப் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மா போட்டுக் கட்டி தட்டாமல் காய்ச்சு. கூழ் பதம் வந்ததும் இறக்கி, வடிகட்டி, ஆறவிட்டு நிறம் கலந்துகொள். இரண்டு சொட்டுக் கராம்பு எண்ணெய் விட்டால் சீக்கிரம் புளிக்காது. கடதாசியை நனைத்து விரித்து, பசையைத் தடிப்பாகப் பூசி, காய்வதற்குள் பேன் சீப்பால் இழு. நெளிநெளியாகக் கோடு விழும். பசை சீப்புக்கு வழிவிட்டு இரண்டு பக்கமும் வரம்பு கட்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிடிக்காவிட்டால் தூரிகையால் ஒரு தரம் தடவு, கோடு அழிந்துவிடும், மறுபடியும் இழு.

சீப்பு என்றதும் பிரெஞ்சு ஓவியர் பிராக் ஞாபகம் வருகிறது. பெயின்ட் அடிக்கும் குடும்பத்துப் பிள்ளை அவர். சுவரில் மரக்கோடு போடும் சீப்பு வேலையை முறையாகப் படித்தவர். 1912இல் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரத்துக் கடை ஒன்றில் மரக்கோடு அச்சடித்த சுவர்க்கடதாசியைக் கண்டு, வாங்கி வெட்டித் தன் படத்தில் ஒட்டினார். பிக்காசோவுக்குச் சீப்பு வித்தை காட்டிக்கொடுத்தவரும் அவர்தான். கூலி வேலைக்கான கருவி அப்படி ஓவியத்துக்குள் வந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அச்சு எடுக்கும் ஜெலட்டின் தட்டு பற்றியும் கேட்டிருந்தாய். ஜெலட்டினைத் தண்ணீரிலும் கிளிசரினிலும் கரைத்து, தட்டத்தில் ஊற்றி உறைய விட வேண்டும். அது ஏறக்குறைய 35 பாகைச் சூட்டில் உருகிவிடும் என்பதால் கொழும்பில் இருப்பவர்களுக்குத் தொல்லை. நம் இரண்டு ஊருக்கும் அந்தப் பயம் இல்லை. உங்கள் வீட்டில் மாட்டு எலும்பு, தோல் சமாச்சாரம் ஆகாதென்றால் கடற்பாசியில் (அகர் அகர்) செய். அது சீக்கிரம் உடையும், தடிப்பாக ஊற்றிக்கொள். தட்டில் நிறத்தை உருட்டி, மேலே ஒரு தேயிலையை வை. கொழுந்து வேண்டாம், முத்தின இலையாகப் பார்த்து, அடிப்பக்கம் நிறத்தில் படும்படி வை. அதன் மேல் முதல் கடதாசியை அழுத்தி எடுத்தால் இலை இருந்த இடம் வெறுமையாக வரும். இலையை எடுத்துவிட்டு இரண்டாவதை அழுத்தினால் நடுநரம்பும், கிளை நரம்புகளும், விளிம்பின் ரம்பப் பல்லும் ஒவ்வொன்றாக விழும். பேத்தி இங்கே இருந்தபோது முதல் கடதாசியைப் பெரும்பாலும் அவளுக்குக் கொடுத்துவிடுவேன், இரண்டாவதுதான் எனக்கு.

கடதாசிக்கு ஏற்றும் தேயிலைச் சாயத்துக்கு உங்கள் பக்கத்து சி.டி.சி. தூள் (மெஷினில் நசுக்கிக் குறுணையாக்கிய தேயிலை) நல்லது, சட்டென்று நிறம் இறங்கும். சாயத்தில் துருப்பிடித்த ஆணியை ஊற வைத்துப் பூசினால் கடதாசி கருநீலச் சாம்பல் நிறமாக மாறும். பழைய காலத்து எழுதும் மையும் இதே சேர்க்கைதான். ஆனால் இரும்பு நாட்பட நாட்படக் கடதாசியை அரிக்கும். அசல் எதன் பக்கத்திலும் அதை வைக்காதே.

இங்கே பௌத்தர்களின் வெசாக் பண்டிகை வந்தால் கடைத்தெரு முழுக்க விளக்குக் கூடு கட்டும் டிஷு பேப்பர் தொங்கும். அந்தச் சாயம் ஈரத்தில் கசியும். பலர் அதற்காகவே ஒதுக்குவார்கள், நான் அதற்காகவே வாங்குகிறேன். துண்டுகளை வெள்ளைக் கடதாசியில் பரப்பித் தண்ணீர் தெளித்து, காய்ந்ததும் எடுத்துவிட்டால் நிறம் மட்டும் தங்கும். வெயில் படும் சுவரில் மாட்டாதே, வெளுத்துவிடும்.

ஈரம் போகக் காயாத கடதாசியைப் பொலித்தீனில் போட்டு மூடாதே, பூஞ்சணம் பிடிக்கும். மாப் பசைக்கு ராமபாணப் பூச்சியும் வரும். அட்டைகளுக்கு இடையில் தட்டையாக வைத்து, வெயில் நாளில் ஒரு தரம் எடுத்துப் பிரித்துப் பார்.

எனக்குச் சிவகாசித் தீப்பெட்டி லேபிள்கள் வேண்டும், கிடைப்பதை எல்லாம் அனுப்பு. தேதி கிழிக்கும் காலண்டர்த் தாளும் அனுப்பு, ராகுகாலம் அச்சடித்ததாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தோடு பசைக் கடதாசியில் மூன்று நிறமும் தேயிலை இலைப் பதிவு ஒன்றும் வைத்திருக்கிறேன். அப்பாவின் கையெழுத்தைப் பெயர்த்து எடுத்ததும் அதை எங்கே ஒட்டினாய் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதி