கிளியூர் படிகளில் எங்களைத் தாங்கியவர்களுக்கு

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் வணக்கம்.

நாங்கள் நான்கு பேர். மலேசியாவில், கெடா மாநிலத்தில் ஒரே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, ஒன்றாகவே வளர்ந்த தோழிகள். எல்லோரும் அறுபதைத் தாண்டிவிட்டோம். தீபாவளி முடிந்த வாரத்தில் திருச்சியில் விமானம் இறங்கி, பஸ் பிடித்து சேலம் வந்தோம். ஏற்காட்டில் இருந்தது ஒரே ஒரு நாள்தான். அன்று எங்களுக்கு உதவிய ஒருவருடைய பெயரையும் நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஊர் திரும்பியதிலிருந்து அது மனசை அறுத்துக்கொண்டே இருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும், படித்தால் தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரிந்துவிடும். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

ஏன் வந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களில் மூத்தவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய பாட்டிக்கு சேர்வராயன் மலை அடிவாரத்துக் கிராமம். சின்ன வயதிலேயே நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர். 1938இல் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதையே இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. பாட்டி அதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தவர். அப்புறம் ஊர்ப்பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் பக்கத் தோட்டங்களில் இப்படிச் ‘சேலம் ஜில்லா’ என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய உண்டு. பால் வாளியைத் தூக்கும்போதெல்லாம் பாட்டி ‘சேர்வராயா’ என்று சொல்லித்தான் தூக்குவாராம். அந்தச் சாமியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அக்காவின் பல வருட ஆசை.

சேலம் பேருந்து நிலையத்தில் காலை பஸ் ஏறினோம். அக்காவுக்கு மலைப்பாதை என்றாலே தலை சுற்றும். அவருடைய முகத்தைப் பார்த்ததுமே கண்டக்டர் முன்சீட்டில் இருந்தவரை எழுப்பி இடம் கொடுத்தார். எங்கிருந்தோ ஒரு எலுமிச்சம்பழத்தையும் வாங்கி, “மோந்துக்கிட்டே வாங்கம்மா, ஒன்னும் ஆகாது” என்று கையில் வைத்தார். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு. டிக்கெட் போடும் வேலைக்கு நடுவிலும் “இது பதினாலு... இன்னும் ஆறுதான்” என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தார். கண்டக்டர் அண்ணே, இருபதாவது வளைவு தாண்டியதும் அக்கா சிரித்ததை நீங்களும் பார்த்தீர்கள். உங்களுக்கு முதல் நன்றி.

முதலில் கிளியூர் அருவிக்குப் போனோம். ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே அருவியாக விழுகிறது என்றார்கள். ஐப்பசி மழையில் சத்தம் மேலேயே கேட்டது. படிகள் முழுக்க ஈரம். பாதி இறங்கியிருப்போம், அக்காவின் கால் வழுக்கி மடங்கிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. நாங்கள் மூவரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தும் முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் தெரியாத ஊரில் என்ன செய்வது?

அப்போது மேலேயிருந்து இரண்டு தம்பிகள் இறங்கி வந்தார்கள். கல்லூரியில் படிப்பவர்கள் போல இருந்தார்கள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. கைகளைக் கோத்து நாற்காலி மாதிரிப் பிடித்து, “உட்காருங்கம்மா, தோள்ல கை போட்டுக்கங்க” என்றார்கள். அந்தப் படியில் வெறுமனே ஏறுவதே கஷ்டம். ஒரு தம்பியின் செருப்பு வார் பாதியில் அறுந்தது. அதை அங்கேயே உதறிவிட்டு, வெறுங்காலோடு மீதிப் படிகளை ஏறினார். மேலே வந்ததும் அவர் முழங்கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். செருப்பு வாங்கிக்கொள்ளச் சொல்லி நீட்டிய பணத்தைத் தொடக்கூட இல்லை. தம்பிகளா, நீங்களும் அன்று அருவியைப் பார்க்கத்தான் வந்தீர்கள். பார்க்காமலேயே எங்களுக்காகத் திரும்பி ஏறினீர்கள். உங்களைப் பெற்றவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மேலே டீக்கடை வைத்திருக்கும் அம்மா, எண்ணெய்ச் சட்டியில் மிளகாய் பஜ்ஜி வெந்துகொண்டிருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். குடத்துத் தண்ணீரில் துண்டை நனைத்து, அக்காவின் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துச் சுற்றிக் கட்டினார். “பயப்படாத கண்ணு, எலும்பு முறிஞ்சிருந்தா இப்படி விரலை ஆட்ட முடியாது” என்றார். அறுபது தாண்டிய அக்காவைக் கண்ணு என்று கூப்பிட எங்கள் ஊரில் இப்போது ஆள் இல்லை. அக்கா அதுவரை அழவில்லை. அதைக் கேட்டதும் அழுதுவிட்டார். அந்த அம்மாவே யாருக்கோ போன் போட்டு ஒரு ஆம்னி வண்டியை வரவழைத்தார். குடித்த டீக்கும் காசு வாங்கவில்லை.

ஏற்காடு அரசு மருத்துவமனையில் பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். எங்கள் நாட்டு அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கட்டணம் அதிகம், அந்த நினைப்பு. சீட்டில் பேரையும் வயதையும் எழுதிக்கொண்டு உள்ளே அனுப்பிவிட்டார்கள். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு சுளுக்குதான் என்றார். கட்டுப் போட்ட நர்ஸ், அக்காவின் கால்கொலுசைக் கவனமாகக் கழற்றி ஒரு காகிதத்தில் மடித்து, “சேலத்துக் கொலுசாம்மா? பத்திரமா வச்சிக்கங்க” என்று என் கையில் கொடுத்தார். ஆமாம் தங்கச்சி, முந்தின நாள்தான் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கியது.

சரி, இனி சேலத்துக்கே திரும்பிவிடலாம் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம். ஆம்னி ஓட்டிய அண்ணன்தான் விடவில்லை. வழியில் அக்கா பாட்டியைப் பற்றிப் பேசியதைக் கேட்டிருக்கிறார். “இவ்ளோ தூரம் கடல் தாண்டி வந்துட்டு சேர்வராயனைப் பாக்காம போவீங்களா? வண்டி கோயில் வாசல் வரைக்கும் போகும்” என்று மலை உச்சிப் பக்கம் திருப்பினார். 5,326 அடி உயரம். காப்பித் தோட்டங்கள், மரத்தில் சுற்றிய மிளகுக்கொடி, நடுநடுவே மூடுபனி. 1820களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி என்று அவர்தான் சொல்லிக்கொண்டு வந்தார். சாதாரண நாளாக இருந்தால் இதை மட்டுமே பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன்.

கோயில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும், அக்காவால் முடியாது. கடைக்காரர் ஒருவர் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து வாசலுக்கு நேராகப் போட்டார். நாங்கள் மூவரும் உள்ளே போய்க் கும்பிட்டோம். பாறையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் பிடரியில் விழுந்தது, அவ்வளவு குளிர்ச்சி. பூசாரி ஐயா எங்களோடு வெளியே வந்தார். தட்டையும் தீபத்தையும் காற்றில் அணையாமல் கையால் மறைத்தபடி நாற்காலி வரைக்கும் நடந்து வந்து, “பாட்டி பேரு என்னம்மா?” என்று கேட்டார். அக்கா சொன்னார். அந்தப் பெயரைச் சொல்லி தீபம் காட்டினார். ஏறக்குறைய தொண்ணூறு வருடம் கழித்து அந்தப் பெயர் அந்த மலையில் ஒலித்தது. ஐயா, நீங்கள் தினம் எத்தனையோ பேருக்குத் தீபம் காட்டுகிறீர்கள். எங்களுக்குக் காட்டியது என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

லேடீஸ் சீட் என்று சொல்லும் மலை விளிம்பு இடத்தில் இருட்டும்வரை வண்டியிலேயே உட்கார்ந்து கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்தோம். அக்கா ஒன்றும் பேசவில்லை. அண்ணனும் அவசரப்படுத்தவில்லை. எங்கள் விடுதி வாசலில் இறக்கிவிட்டுக் கணக்குச் சொன்னபோது, “ஆஸ்பத்திரிக்குப் போனதுக்குக் காசு வாங்க மாட்டேங்க. கோயிலுக்கும் சேலத்துக்கும் மட்டும் குடுங்க” என்றார். எவ்வளவோ கெஞ்சியும் கேட்கவில்லை.

அக்கா இப்போது நன்றாக நடக்கிறார். டீக்கடை அம்மாவுக்கு மட்டும் ஒரு சேதி. உங்கள் நீலக் கட்டம் போட்ட துண்டு அன்றைய அவசரத்தில் எங்கள் பையிலேயே வந்துவிட்டது. ஒரு ஓரத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறது, போகவில்லை. துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். அடுத்த வைகாசிக்குள் அக்காவே கொண்டுவந்து உங்கள் கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கடை அங்கேயே இருக்கட்டும், அம்மா.