வராத செய்தியில் எதைக் கழிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊடகங்கள் சிலர் கையில் குவிவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த சேனல் எந்தக் கட்சிக்காரருடையது என்பது தமிழ்நாட்டு மக்களுக்கு அத்துப்படி, அதனால் பெரிய பாதிப்பில்லை என்று கட்டுரையாளர் சொல்கிறார். முதல் பாதி சரி. 1993இல் சன், 1999இல் ஜெயா, 2006இல் மக்கள், 2007இல் கலைஞர் என்று வரிசையாக வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டை டீக்கடையில் ஒரு செய்தியைச் சொன்னால், "எந்த சேனல்ல சொன்னான்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் கழித்துவிட்டு மிச்சத்தை நம்புவார்கள். ஆனால் யாருமே சொல்லாத செய்தியில் எதைக் கழிப்பது?

எட்டு வழிச் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் சேலம் முதல் சென்னை வரை 277 கிலோமீட்டருக்கு நிலம் அளக்க வந்தபோது, நான் பார்த்த விவாதங்களில் எல்லாம் முதல்வரின் சொந்த மாவட்டம், எதிர்க்கட்சியின் தூண்டுதல், வளர்ச்சிக்கு எதிரி என்றுதான் கத்திக்கொண்டிருந்தார்கள். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி அறிவிக்கை வந்தால் ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள்தான் அவகாசம். சேலம் பக்கத்துப் பூலாவரியில் தென்னந்தோப்பு வைத்திருந்தவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதானே? 2019 ஏப்ரல் 8 அன்று உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. பத்தே நாளில் வாக்குப்பதிவு. தீர்ப்பின் காரணத்தைவிட, அதனால் யாருக்கு எத்தனை தொகுதி லாபம் என்பதே பெரிய செய்தியாக ஓடியது. 2020 டிசம்பரில் நிலமெடுப்பு அறிவிக்கை செல்லுபடியாகும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோதும் அதே கதைதான். ஆளுக்கொரு கட்சிக் கண்ணாடி, விவசாயியின் சந்தேகத்துக்கு ஒருவரிடமும் பதிலில்லை.

மலைமேல் நிலைமை இன்னும் மோசம். ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. ஆனால் செய்தியில் ஏற்காடு என்றால் கோடை விழா, மலர்க் கண்காட்சி, இல்லாவிட்டால் கொண்டை ஊசி வளைவில் விபத்து. காட்டு நிலத்தில் பழங்குடிகளுக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006இலேயே வந்துவிட்டது. அதன்படி இந்த மலையில் வாழும் 'மலையாளி' என்ற பழங்குடியினர் கொடுத்த மனுக்கள் என்ன ஆயின என்று எந்த சேனலிலும் நான் பார்த்ததில்லை. அது தெரியாமல், ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அந்த ஊர்க்காரர் எதைக் கேட்பார்?

இதில் உள்ளூர் நிருபரைக் குறை சொல்லிப் பயனில்லை. பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. விளம்பரமும் அவரே பிடித்துத் தர வேண்டும். எந்தக் கல்லூரியிடம் விளம்பரம் கேட்டு நிற்கிறாரோ, அந்தக் கல்லூரியின் கட்டணத்தைப் பற்றி அவர் எப்படி எழுதுவார்?

அப்புறம் இன்னொன்று. டீக்கடையின் கழித்தல் கணக்கு கட்சி சேனலோடு சரி. நியூஸ் 18 சேனல்களை நடத்தும் நெட்வொர்க் 18 குழுமம் 2014இல் ரிலையன்ஸ் வசம் போனது, என்டிடிவி 2022இல் அதானி குழுமத்திடம் போனது. துறைமுகம், மின்சாரம், தொலைபேசி என்று இவர்களுக்கு எங்கெல்லாம் தொழில் இருக்கிறது, எந்தச் செய்தி எந்தத் தொழிலைத் தொடும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கட்சிக்குக் கொடியாவது உண்டு.

அரசியல் கட்சிகளும் அரசுகளும் சேனல் நடத்தக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008இலேயே பரிந்துரைத்தது, 2014இல் மறுபடியும் சொன்னது. மாறி மாறி ஆண்டவர்கள் யாரும் அதைச் சட்டமாக்கவில்லை. ஏன் ஆக்கவில்லை என்று விளக்க வேண்டியதில்லை. தடை வருகிறபோது வரட்டும், உரிமையாளர் யார் என்பதையாவது திரையில் போடலாமே! நாளிதழ்களில் மார்ச் தொடக்கத்தில் 'படிவம் 4' என்று உரிமையாளர் விவரம் ஒரு மூலையில் வந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஒரு விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் பெயர் அதில் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு விதி சொன்னது. சேனல்களும் ஆண்டுக்கு ஒருமுறை, இரவு எட்டு மணிச் செய்திக்கு முன்னால் அப்படிக் காட்டட்டும். பெயரோடு மற்ற தொழில்களையும் சேர்த்துக் காட்டினால்தான் பயன்.

உங்கள் இதழின் உரிமையாளருக்கு வேறு என்னென்ன தொழில்கள் உண்டு என்பதையும் அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்.