காற்றாலையைப் பார்த்ததும் பேருந்தைத் திருப்பிவிடாதீர்கள்: கனடாவின் மனிடோபா மாகாணத்துத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

கோடை விடுமுறையில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை ஸ்டைன்பாக் நகரில் காற்றாலையோடு நிற்கும், போரை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான மென்னோனைட்டுகளின் மரபுச் சிற்றூருக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம் அமைப்புகள் சிலவற்றில் உண்டு. நல்ல வழக்கம், அதை நிறுத்தச் சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் அந்தப் பயணங்களிலும் பொங்கல் விழா மேடைகளிலும், "மென்னோனைட்டுகளைப் பாருங்கள், நூற்றைம்பது ஆண்டுகளாக யார் தயவும் இல்லாமல் தங்கள் மொழியையும் வழக்கத்தையும் காப்பாற்றிக்கொண்டார்கள், நம்மால் ஏன் முடியாது?" என்று பெற்றோரைப் பார்த்துக் கேட்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கேட்பவர்களின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. சொல்லப்படும் வரலாறுதான் தவறு. பிள்ளைகள் காதில் விழும் பேச்சு என்பதால் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றும், பயணத்தின் வழியையே சற்று மாற்றியமைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் மொழியையே எடுத்துக்கொள்வோம். 1525இல் சூரிச்சில் குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்து எழுந்த இயக்கத்தின் ஒரு கிளையினர் இவர்கள். 1536இல் கத்தோலிக்கக் குருத்துவத்தைத் துறந்த மென்னோ சைமன்ஸ் என்னும் ஃப்ரீசியரின் பெயரால் அழைக்கப்படுகிறார்கள். மனிடோபாவுக்கு வந்தவர்களின் முன்னோரில் பெரும்பாலோர் நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து துன்புறுத்தலுக்குத் தப்பி, இன்றைய போலந்தில் உள்ள விஸ்துலா ஆற்றின் கழிமுகத்துக்குப் போய், சதுப்பு நிலத்தை வடித்து உழவு செய்தவர்கள். அங்கே தலைமுறைகள் கழிய, கோயிலில் டச்சு போய் ஜெர்மன் வந்தது. வீட்டில் அவ்வூர்த் தாழ்ஜெர்மன் வகையான பிளாட்டீச் நிலைத்தது. பிறகு ரஷ்யாவின் இரண்டாம் கேத்தரின் பேரரசியின் அழைப்பை ஏற்று, 1789 முதல் இன்றைய உக்ரைனின் புல்வெளிகளில் குடியேறினார்கள். மரபுச் சிற்றூரின் உணவகத்தில் நம் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும் போர்ஷ்ட் சூப்பும் கொழுக்கட்டை போன்ற வெரெனிக்கேயும் அங்கே அண்டை வீட்டாரிடம் கற்றவை. ஆக, 'காப்பாற்றிய மொழி' என்று நாம் மேடையில் சொல்லும் மொழியே வழியில் தழுவிய மொழி.

'யார் தயவும் இல்லாமல்' என்ற பேச்சு அதைவிடத் தவறானது. ரஷ்யப் பேரரசு 1870களில் அனைவருக்கும் கட்டாயப் படைச்சேவையைக் கொண்டுவர முனைந்தபோது, ஆயுதம் ஏந்துவதில்லை என்ற கொள்கையுடைய இம்மக்கள் 1873இல் பன்னிரண்டு பிரதிநிதிகளை வட அமெரிக்காவுக்கு நிலம் பார்க்க அனுப்பினார்கள். புதிய மாகாணத்தில் உழவர்களைக் குடியேற்ற அவசரப்பட்டுக்கொண்டிருந்த கனடிய அரசு அவர்களை வலிய வரவேற்றது. படைச்சேவை விலக்கும், தொடர்ச்சியான நிலப்பரப்பும் தருவதாக வாக்களித்தது. ஒன்டாரியோவில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த மென்னோனைட்டுகள், குறிப்பாக யாக்கோப் ஷான்ட்ஸ், வழிகாட்டியாக நின்றார்கள். வந்தவர்களுக்கு அரசு கொடுத்த கடனுக்கு ஒன்டாரியோச் சகோதரர்களே பிணை நின்றார்கள். 1874 ஆகஸ்ட் 1 அன்று 'இன்டர்நேஷனல்' என்னும் நீராவிப் படகு ரெட் ஆறும் ராட் ஆறும் கூடும் இடத்தில் முதற்குழுவை இறக்கிவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 7,000 பேர் வந்தார்கள். ரெட் ஆற்றுக்குக் கிழக்கே எட்டு நகர்ப்பிரிவுகளும் (ஆறு மைல் சதுரமான நில அளவைப் பிரிவுகள்) மேற்கே பதினேழும் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. இவ்வளவும் யார் தயவும் இல்லாமல் நடந்ததாகச் சொன்னால், அந்த ஊர்ப் பெரியவர்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அந்த நிலம் ஆளற்ற நிலம் அல்ல. அரசு பூர்வகுடிகளோடு செய்து 1871இல் கையெழுத்தான முதலாம் உடன்படிக்கையின் கீழ், பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களின் கையைவிட்டுப் போன நிலம் அது. பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு மரபினரான மெட்டி மக்கள் வைக்கோல் அறுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்த நிலம். 1870ஆம் ஆண்டின் மனிடோபாச் சட்டம் மெட்டிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 14 இலட்சம் ஏக்கர் நிலம் என்று உறுதி கூறியது. மென்னோனைட்டுகள் கப்பலேறும் முன்பே அவர்களுக்கான கிழக்கு ஒதுக்குநிலத்தை அரசு ஆணையால் எழுதி வைத்துவிட்டார்கள். மெட்டிப் பிள்ளைகளுக்கான பங்கீடோ ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அரசு தன் கடமையை உரிய முனைப்போடு செய்யவில்லை என்று கனடிய உச்ச நீதிமன்றம் 2013இல்தான் தீர்ப்பளித்தது. வந்த உழவர்கள் இந்தத் தாமதத்தைச் செய்தவர்கள் அல்லர். ஆனால் அதன் பயன் யாருக்குப் போனது என்பதை நாம் சொல்லாமல் விட்டால், நிலம் இழந்த கதைகளைக் கேட்டு வளரும் ஈழத்துப் பிள்ளைகளிடம் அது எடுபடாது.

இனி, உண்மையாகவே நாம் வியக்கத்தக்க பகுதிக்கு வருகிறேன். இதைத்தான் காற்றாலைக்கு முன் நின்று படம் எடுக்கும் அவசரத்தில் தவறவிடுகிறோம். 1872ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம், ஒவ்வொரு குடும்பமும் தன் 160 ஏக்கரில் தனித்தனியே வீடு கட்டி வாழ வேண்டும் என்று எதிர்பார்த்தது. மென்னோனைட்டுகள் பத்திரத்தில் மட்டும் தனித்தனியாகப் பதிந்துகொண்டு, நடைமுறையில் நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, ஒரே நீண்ட தெருவின் இருபுறமும் வீடுகளை அமைத்து, சுற்றியுள்ள வயலை நீளப் பட்டைகளாகப் பிரித்துக்கொண்டார்கள். மண் நல்ல இடத்திலும் கெட்ட இடத்திலும் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. மேய்ச்சல் நிலம் பொது. மாடுகளுக்கு ஊர் முழுமைக்கும் ஒரே மேய்ப்பர். இரு ஒதுக்குநிலங்களிலும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இப்படி எழுந்தன.

ஆல்டோனாவுக்கு அருகில் 1876இல் தோன்றிய நாய்பெர்க்டால் இன்றும் இந்த வடிவத்தைக் கைவிடாமல் இருக்கிறது. 1989இல் அது தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. பருத்திப் பொப்லார் மரங்கள் நிரையாக நிற்கும் அந்தத் தெருவில், வீடும் தொழுவமும் ஒட்டிக் கட்டப்பட்ட பழைய கட்டடங்கள் நிற்கின்றன. சமையலறையிலிருந்து பனியில் கால் வைக்காமலே பசுவிடம் போய்விடலாம். வீட்டின் நடுவில் செங்கல் அடுப்பு ஒன்று; அறைகள் எல்லாம் அதைச் சுற்றி அமைந்திருப்பதால், ஒரு தீயே எல்லாவற்றையும் சூடாக்கும். மேற்கு ஒதுக்குநிலத்தில் விறகுக்கு மரம் கிடைக்காது. ஆகவே சாணத்தையும் வைக்கோலையும் மிதித்துப் பரப்பி, காயும் பதத்தில் மண்வெட்டியால் கட்டிகளாக வெட்டி அடுக்கி எரித்தார்கள். நம் ஊர் வறட்டியை அறிந்த பாட்டிமார் யாராவது பேருந்தில் இருந்தால், இந்த இடத்தில் விளக்கம் சொல்லும் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிடலாம்.

ஊர்த்தலைவரை ஊரார் தேர்ந்தெடுத்தார்கள். சாலை, பள்ளி, மேய்ச்சல் எல்லாம் அவர் பொறுப்பு. தீ விபத்துக்குத் தங்களுக்குள்ளேயே ஒரு காப்பு நிதி வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் என்னை ஈர்த்தது அவர்களுடைய அனாதைகள் நிதியம். தந்தையோ தாயோ இறந்தால் சொத்தில் பாதி எஞ்சிய துணைக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்கு. அதில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பிள்ளைகளுக்குக் காப்பாளரை நியமித்து, அவர்கள் பங்கை நிதியம் வாங்கி வைத்து, ஊராருக்கே வட்டிக்குக் கொடுத்து, பிள்ளை பெரியவனானதும் கணக்கோடு திருப்பித் தரும். பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் சட்டமானது 1989இல் என்பதை நினைத்துப் பார்க்கலாம். இதையும் பொற்காலமாக்கிவிட வேண்டாம்: நிலமில்லாத குடும்பங்கள் ஊரின் கடைக்கோடியில்தான் குடியிருந்தன, ஊர்க்கூட்டத்தில் பெண்களுக்குக் குரல் இல்லை. ஊர் ஏற்பாடும் வெறும் ஒப்புதலில் நின்றதே ஒழியச் சட்டத்தில் நிற்கவில்லை. ஒருவர் "என் 160 ஏக்கரை எனக்குப் பிரித்துக் கொடுங்கள்" என்று வெளியேறினால் பொதுவயல் முழுவதும் குலைந்துபோகும். அப்படித்தான் பெரும்பாலான ஊர்கள் கலைந்தன.

மேடைப் பேச்சு முற்றாகக் கவிழ்வது பள்ளிகள் விஷயத்தில். 1873 ஜூலையில் வேளாண்மைத் துறைச் செயலர் ஜான் லோ பிரதிநிதிகளுக்குக் கொடுத்த கடிதம், பிள்ளைகளைத் தங்கள் விருப்பப்படி தங்கள் பள்ளிகளில் கற்பிக்க எந்தத் தடையும் இராது என்றது. சில வாரங்களில் ஒட்டாவாவில் பிறந்த அமைச்சரவை ஆணையிலோ அதே விதி, சட்டம் இடம் தரும் அளவில் என்று மாறியிருந்தது. கல்வி மாகாணத்தின் அதிகாரம் என்பதால், கூட்டாட்சி அரசு அதற்குமேல் வாக்களிக்கவும் முடியாது. குடியேறியவர்கள் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்தது லோவின் கடிதத்தை. நீதிமன்றத்தில் நின்றது ஆணை.

இதற்கிடையில் அவர்களுக்குள்ளேயே பள்ளியை முன்னிட்டுப் பிளவு வந்தது. மேற்கு ஒதுக்குநிலத்து க்ரெட்னா ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கி, 1891இல் கான்சாஸிலிருந்து எச். எச். எவர்ட் அதன் தலைவராக வந்தபோது, பள்ளியை ஆதரித்த ஆயர் யோஹான் ஃபுங்க்கின் பின்னால் ஒரு சிறுபான்மைதான் நின்றது. பெரும்பான்மை பிரிந்து போய்த் தனிச் சபையாயிற்று. ஆங்கிலமும் கற்பிக்கலாம் என்பவர்கள் ஒருபுறம், அது உலகத்தோடு கலப்பது என்பவர்கள் மறுபுறம். தமிழ்ச் சங்கங்கள் இரண்டாக உடைவதைப் பார்த்து மனம் நொந்தவர்களுக்கு இது சற்று ஆறுதல் தரலாம்.

1916இல், போர்க்காலத்துக் காய்ச்சலின் நடுவே, மாகாண அரசு இருமொழிப் பள்ளிகளை ஒழித்து, கட்டாய வருகைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. தனியார் பள்ளிகள் தரமற்றவை என்று தள்ளப்பட்டன. பிள்ளைகளை ஆங்கிலப் பொதுப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு அபராதம், கட்ட மறுத்தவர்களுக்குச் சிறை. வழக்கு, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. 1922 மார்ச் 1 அன்று பிளம் கூலி நிலையத்திலிருந்து மெக்சிகோவுக்கு முதல் ரயில் புறப்பட்டது. மனிதர்களோடு மாடுகளும் கலப்பைகளும் ஏறின. அந்தப் பத்தாண்டில் மேற்குக் கனடாவிலிருந்து சுமார் 8,000 பேர் மெக்சிகோவுக்கும் பராகுவேயின் சாக்கோ புதர்க்காட்டுக்கும் போனார்கள். பிளாட்டீச் இன்றும் பிள்ளைகள் விளையாடும் மொழியாக இருப்பது பெரும்பாலும் அவர்கள் சந்ததியிடத்தில்தான். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது: மிகக் குறுகிய பள்ளிப்படிப்பு, பெருகும் குடும்பங்களுக்குப் போதாத நிலம், பிறகு வேலை தேடிக் கனடாவுக்கே திரும்பி வருதல்.

இங்கேயே தங்கியவர்கள் ஆங்கிலத்தை ஏற்றுக்கொண்டார்கள். இன்று ஸ்டைன்பாக்கிலும் விங்க்லரிலும் பிளாட்டீச்சைச் சரளமாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், அல்லது மெக்சிகோ வழியாகத் திரும்பியவர்கள். வழிபாடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. மொழியை இழந்தாலும் வேறு பலவற்றைக் கட்டினார்கள்: 1931இல் ஆல்டோனாவில் கூட்டுறவுக் கடை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சூரியகாந்தி எண்ணெய் ஆலை, ஊர் வரலாறுகளும் கோயில் பதிவேடுகளும் தேடிச் சேர்த்த ஆவணக் காப்பகம். பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது இந்த இழப்பையும் சேர்த்துத்தான். அரைநாள் வகுப்புக்குத் தமிழ் படிக்க வரும் பிள்ளையிடம், 'அவர்கள் காப்பாற்றினார்கள், நீ ஏன் காப்பாற்றவில்லை' என்று நடக்காத ஒன்றைக் காட்டிக் குற்றவுணர்ச்சி ஊட்டுவது முறையல்ல.

நமக்கும் இவர்களுக்கும் உள்ள உண்மையான தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. அதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. 1920களில் சோவியத் நாட்டுப் பஞ்சத்துக்கும் வன்முறைக்கும் தப்பிய 20,000க்கும் மேற்பட்ட மென்னோனைட்டுகள் கனடாவுக்கு வந்தார்கள். கனடியப் பசிபிக் ரயில் நிறுவனம் கடனுக்கு ஏற்றி வந்தது. டேவிட் டேவ்ஸ் என்ற ஆயர் அந்தக் கடனைத் தலையில் சுமந்தார். 1946இல்தான் அது முழுதும் அடைந்தது. மெக்சிகோவுக்குப் போனவர்கள் காலி செய்த வீடுகள் சிலவற்றில் இவர்கள் குடியேறினார்கள். அந்த நினைவோடுதான், 1979 மார்ச்சில், இந்தோசீன அகதிகளுக்குப் பொறுப்பேற்க மென்னோனைட்டுகளின் நிவாரண அமைப்பான மென்னோனைட் மத்தியக் குழு கூட்டாட்சி அரசோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. தனியார் பொறுப்பேற்புக்கான முதல் பேரொப்பந்தம் அதுவே. பிற சபைகள் பின்தொடர்ந்தன. ஈழத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் இங்கே வந்து அடைக்கலம் கேட்டவர்கள்தாம், இந்த வழியில் வந்தவர்கள் அல்லர். ஆனாலும் அகதியை ஏற்பது ஊராரின் வேலையும்கூட என்ற பழக்கத்தை இந்நாட்டில் வேரூன்றச் செய்தவர்களில் இவர்கள் முதன்மையானவர்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த கோடைப் பயணத்தை நிவர்வில் அருகே, முதற்குழு கரையேறிய இடத்தில் தொடங்குங்கள், பிறகு ஸ்டைன்பாக், வேறொரு நாளில் நாய்பெர்க்டால். பேருந்தில் சொல்லும் அறிமுகத்தில் முதலாம் உடன்படிக்கைக்கும் மெட்டி நிலத்துக்கும் இடம் கொடுங்கள்; முடிந்தால் அந்தச் சமூகங்களிலிருந்து ஒருவரை அழைத்து அவர்களையே பேசச் சொல்லுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு சிறு கையேடு தேவை. அதை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன், ஊதியம் வேண்டாம். ஆனால் அச்சுக்குப் போகும் முன் மென்னோனைட் வரலாறு அறிந்த ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்பது என் நிபந்தனை. நாய்பெர்க்டால் அருங்காட்சியகம் அல்ல, குடும்பங்கள் வாழும் தெரு. ஐம்பது பேரோடு திடீரென்று போய் இறங்கக் கூடாது, பல வாரங்களுக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். கோடைக்கான ஏற்பாடுகள் குளிர்காலத்திலேயே முடிவாகிவிடுவதால், உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியை,
வின்னிபெக்