டீச்சர் பேரைத் தனியாகப் போடுங்க

மெல்பர்ன், ஜூன் மாதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இங்கே சுகம். நீங்களும் மைனியும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? நம்ம ஊரில் இப்போது மழைக்காலம், இங்கே நல்ல குளிர். நைட் டியூட்டி முடிந்து வெளியே வந்தால் கார் கண்ணாடியில் பனி உறைந்து கிடக்கிறது, சுரண்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். மற்றபடி குறை ஒன்றும் இல்லை. மரச்சீனி ஐஸில் உறைந்து பாக்கெட்டில் வருகிறது, சாளையும் கிடைக்கிறது. ஆனாலும் அம்மா கைப்பக்குவம் வரவில்லை.

வாசகசாலை ஆண்டு விழாவில் சாரையும் அவர் மனைவி டீச்சரையும் கௌரவிக்கப் போகிறீர்கள் என்று மைனி சொன்னார்கள். ரொம்பச் சந்தோஷம். அதைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் இங்கே வந்த புதிதில் என்னைத் தங்கவைத்த யாழ்ப்பாணத்து மாஸ்டரையும் அவர் மனைவி அக்காவையும் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, அவர்கள் இரண்டு பேருக்கும் இந்த மாதம் ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா பதக்கம் அறிவித்திருக்கிறார்கள். 1975இல் தொடங்கிய விருது இது. வருஷத்துக்கு இரண்டு பட்டியல் வரும்: ஒன்று ஜனவரி 26 அன்று, இன்னொன்று ஜூனில் அரசர் பிறந்தநாள் விடுமுறைக்கு. அரசர் உண்மையில் பிறந்தது நவம்பரில், அதையெல்லாம் இங்கே யாரும் கேட்பதில்லை. பணம் எதுவும் கிடையாது. பேருக்குப் பின்னால் மூன்று எழுத்து போட்டுக்கொள்ளலாம், ஒரு பதக்கம் உண்டு. அது இந்த நாட்டு வாட்டில் பூவின் வடிவம், நம்ம கருவேலம்பூ மாதிரி மஞ்சள் உருண்டை.

இதற்கு எம்.எல்.ஏ. சிபாரிசு வேண்டாம். யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம். ஆனால் பரிந்துரைக்கப்படுகிறவருக்குத் தெரியக் கூடாது. பரிசீலித்து முடிக்க ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகும். அப்புறம் முக்கியமான விஷயம், தம்பதி என்று சேர்த்துக் கொடுப்பதில்லை. ஆளுக்கு ஒரு விண்ணப்பம், அவரவர் செய்ததை அவரவர் பேரில் எழுத வேண்டும்.

அங்கேதான் அவர்களைப் பரிந்துரைத்த எங்களுக்குத் திண்டாட்டம். மாஸ்டருக்கு எழுத ஒரே ராத்திரி போதும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தமிழை ஒரு பாடமாக எடுக்கும் பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லாமல் சொல்லிக்கொடுத்தவர், 2004 சுனாமிக்கு நிதி திரட்டியவர். எல்லாவற்றுக்கும் போட்டோ, நோட்டீஸ், பத்திரிகைத் துண்டு என்று அத்தாட்சி இருந்தது. அக்காவுக்கு? ஒரு போட்டோவில்கூட அவர் இல்லை. விழா நடக்கும்போதெல்லாம் அவர் ஹாலுக்குப் பின்னால் சமையலறையில் நின்றிருக்கிறார்.

அவரிடம் கேட்கவும் முடியாது, ரகசியம். ஆகவே ஊர்வம்பு பேசுகிற மாதிரி வீடு வீடாகப் போனோம். போகப் போகத்தான் தெரிந்தது. படகில் வந்து விசா இல்லாமல் கிடந்த பையன்களுக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்து மொழிபெயர்த்தது அக்கா. புருஷன் அடித்து வெளியே தள்ளிய ஒரு பெண்ணைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனதும் அக்காதான். அவர்கள் வீட்டுக் கராஜில் கார் நின்றதே இல்லை. மெத்தை, குக்கர், குழந்தைத் தொட்டில், குளிர்கோட்டு என்று புதிதாக வருகிறவர்களுக்காகச் சேர்த்த சாமான்தான் முழுக்க. என் முதல் கோட்டும் அங்கிருந்து வந்ததுதான். தமிழர்கள் மட்டுமில்லை, தனியாக வாழும் வெள்ளைக்காரக் கிழவிகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டு கொடுக்கிற வேலையையும் ஓய்வுபெற்ற நாளிலிருந்து செய்கிறார். கடைசியில் அவருடைய விண்ணப்பம்தான் நீளமாகப் போயிற்று.

கவர்னர் ஜெனரல் அலுவலகத்திலிருந்து இரண்டு பேருக்கும் தனித்தனிக் கடிதம் வந்திருக்கிறது. தன்னுடையதை மாஸ்டருக்கு வந்த நகல் என்று நினைத்துப் பிரிக்காமலேயே வைத்திருக்கிறார் அக்கா. பிரித்துப் பார்த்துவிட்டு, "நான் என்ன செய்தனான் எண்டு எனக்குத் தாறாங்கள்?" என்று கேட்டாராம். பணிவுக்காகச் சொல்லவில்லை அண்ணா, நிஜமாகவே புரியவில்லை. இந்த விருதுப் பட்டியலின் பொதுப் பிரிவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக வந்ததே 2023 ஜூனில்தான் முதல் தடவை. இந்த ஊரிலேயே இப்படி என்றால் நம்ம ஊரைச் சொல்ல வேண்டுமா?

இனி சார், டீச்சர் விஷயம். சாரைப் பற்றி நீங்கள் எழுதிவிடுவீர்கள். டீச்சரைப் பற்றி என்ன எழுதப் போகிறீர்கள்? "சாரின் பணிகளுக்கு உறுதுணையாக நின்ற" என்று ஒரு வரியா? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது, டிசம்பரில் நிவாரணச் சாமான் லாரியோடு சார் போன போட்டோ பேப்பரில் வந்தது. அதற்கப்புறம் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கடலோர ஊர்களுக்குப் பஸ் ஏறிப் போய், ஆளை இழந்த வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து மனு எழுதிக்கொடுத்தது டீச்சர். கடலில் போனவரின் உடல் கிடைக்காத வீடுகளில் என்னென்ன காகிதம் வேண்டும் என்று டீச்சருக்குத்தான் தெரியும். நான் லீவில் வந்தபோது ஒருநாள் கூடப் போனேன், அதனால் சொல்கிறேன்.

நாகர்கோவில் லேஸ் பின்னலை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷனரி மால்ட் ஐயர் பேர் எல்லாருக்கும் தெரியும். 1819இல் அவரோடு வந்து, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, அந்தப் பின்னலைச் சொல்லிக்கொடுத்தது அவர் மனைவி மார்த்தா. அதில் வந்த காசில் அடிமைப் பெண்கள் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். ஆனால் நம்ம பாட்டி சாகும்வரை "ஐயரம்மா" என்றுதான் சொன்னாள், பேர் தெரியாது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: பாராட்டுப் பத்திரம் இரண்டு. டீச்சருடையதை எழுத மைனியை வள்ளவிளைக்கு அனுப்புங்க, அந்தப் பெண்களே சொல்லட்டும். பொன்னாடை எத்தனை வேண்டுமானாலும் போடுங்க, வாழ்த்துரையை மட்டும் குறைத்து, ஏற்புரைக்கு மைக்கை முதலில் டீச்சர் கையில் கொடுங்க. சார் ஒன்றும் நினைக்க மாட்டார். கமிட்டியில் யாராவது முகம் சுளித்தால் நான் தருகிற நன்கொடையை நினைவுபடுத்துங்க.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்னால் எனக்கு ஒரு படம் அனுப்புங்க. டீச்சர் பேருக்குப் பதில் "திருமதி" போட்டு சார் பேர் வந்திருந்தால் அப்போதே மாற்றிவிடலாம்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை