ரோமுக்குப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் பெரியவர்களா, பரோக் ஓவியர்களா என்று கேட்டிருந்தாய். ரோமில் இருக்கும்வரை இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொள்: மறுமலர்ச்சிக்கு மைக்கலாஞ்சலோ, அதற்குப் பின் வந்த பரோக் பாணிக்குக் கரவாஜியோ. கரவாஜியோவின் இயற்பெயரும் மைக்கலாஞ்சலோதான். மூத்தவர் 1564இல் இறந்தார். இவர் 1571இல் பிறந்தார்.

சிஸ்டைன் தேவாலயத்தில் அண்ணாந்து பார்க்கும்போது, கடவுள் ஆதாமுக்கு உயிர் கொடுப்பதாக மைக்கலாஞ்சலோ கூரையில் தீட்டிய ஓவியத்தில் ஆதாமின் கையை நன்றாக மனதில் வாங்கிக்கொள். அப்புறம் பியாட்சா நவோனா பக்கத்தில் இருக்கும் சான் லுயிஜி தேவாலயத்துக்குப் போ. வரி வசூலிப்பவரான மத்தேயுவை இயேசு தன் சீடராக அழைப்பதைக் கரவாஜியோ தீட்டிய 'மத்தேயுவின் அழைப்பு' அங்கேதான் இருக்கிறது. மேசையில் காசோடு உட்கார்ந்திருக்கும் வரி வசூலிப்பவர்களை நோக்கி இயேசு கை நீட்டுகிறார். அது அதே ஆதாமின் கை! உயிர் கொடுக்கும் கடவுளின் கையை விட்டுவிட்டு, உயிர் வாங்கக் காத்திருக்கும் மனிதனின் கையை எடுத்து இயேசுவுக்கு வைத்திருக்கிறார் கரவாஜியோ. ஒரு ஓவியர் இன்னொருவருக்குச் செய்யக்கூடிய மரியாதையில் இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

வேலை செய்த விதத்தில் இருவரும் எதிரெதிர். மைக்கலாஞ்சலோ வரைந்து பார்த்த தாள்கள் நூற்றுக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன. கரவாஜியோ வரைந்ததாக உறுதியாகச் சொல்ல ஒரு தாள்கூட இல்லை. ஆட்களை எதிரே நிறுத்தி நேராகத் துணியிலேயே தீட்டினார். அவருடைய 'மரியாளின் மரணம்' ஓவியத்தில் மாதா வீங்கிய உடம்போடு, வெறுங்காலோடு கிடக்கிறாள். வரையச் சொன்னவர்களே வேண்டாம் என்றார்கள். ஓவியர் ரூபன்ஸ் சொன்னதால் இத்தாலியின் மாந்துவா நகரப் பிரபு வாங்கினார். இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மைக்கலாஞ்சலோ 88 வயதுவரை இருந்தார், உயிரோடு இருக்கும்போதே அவர் வாழ்க்கை வரலாறு அச்சில் வந்துவிட்டது. கரவாஜியோ 1606இல் ஒரு சண்டையில் ஆளைக் கொன்றுவிட்டு நேப்பிள்ஸ், மால்டா, சிசிலி என்று ஓடினார். மன்னிப்பை எதிர்பார்த்து ரோமுக்குத் திரும்பும் வழியில் 38 வயதில் இறந்தார்.

ஆனாலும் இருவரும் தங்கள் முகத்தை வைத்த இடத்தைப் பார். சிஸ்டைன் தேவாலயத்தில் மைக்கலாஞ்சலோ தீட்டிய 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தில், தோலுரித்துக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் புனித பர்த்தலோமேயுவின் கையில் உரித்த தோல் ஒன்று தொங்குகிறது. அதில் இருப்பது மைக்கலாஞ்சலோவின் முகம் என்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். கரவாஜியோவோ, பைபிள் கதையில் அரக்கன் போன்ற கோலியாத்தை வீழ்த்திய தாவீதின் கையில் தொங்கும் அந்தக் கோலியாத்தின் வெட்டிய தலையில் தன் முகத்தை வரைந்தார். புகழின் உச்சியில் இருந்தவரும் கொலைப்பழியோடு அலைந்தவரும் தங்களைப் பற்றி ஒரே மாதிரிதான் நினைத்திருக்கிறார்கள். என் மனம் கரவாஜியோ பக்கம்தான் சாய்கிறது. அந்தத் தாவீதின் முகத்தில் வெற்றிக் களிப்பே இல்லை, இரக்கம்தான் இருக்கிறது.

அந்த ஓவியம் ரோமிலேயே போர்கேஸ் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், இப்போதே செய்துவிடு.

அன்புடன்,
அக்கா